டென்ஷன் திருகை விடுங்கள், முதலில் ஊசியைப் பாருங்கள்

வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறவர்கள் எங்கள் தெருவில் என்னைத் தேடி வந்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அக்கா, மேல தையல் நல்லாத்தான் விழுது, திருப்பிப் பார்த்தா அடியில நூல் கொசகொசன்னு கிடக்கு, டென்ஷனை எவ்வளவோ திருகிப் பார்த்துட்டேன்." கடைசியாகச் சொல்வதைக் கேட்டதுமே தெரிந்துவிடும், ஒரு கோளாறு இப்போது இரண்டாகிவிட்டது என்று. முதலில் இருந்தது எதுவோ அது அப்படியே இருக்கிறது, கூடவே ஒழுங்காக இருந்த டென்ஷனும், அதாவது மேல் நூலின் இறுக்கமும், கலைந்துவிட்டது.

நான் தையல் கடை வைத்திருப்பவள் இல்லை. மதுரையில் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கறுப்பு மெஷின் போட்டிருக்கிறேன், இரும்பு ஸ்டாண்டு, காலால் மிதிப்பது, பிறகு மோட்டாரும் சேர்ந்துகொண்டது. எனக்கும் மதினிக்கும் ஜாக்கெட், பிள்ளைகளின் யூனிஃபார்ம் பேண்டை இறக்கிவிடுவது, சேலைக்கு ஃபால்ஸ், சுங்குடித் துணியில் நைட்டி, தலையணை உறை என்று வீட்டுக்கு ஓடும் தையல்தான். இத்தனை காலத்தில் எனக்குப் புரிந்தது, வீட்டு மெஷின் தரும் தொல்லையில் முக்கால்வாசி ஊசி, நூல் கோத்த வழி, அடி நூல் சுற்றியிருக்கும் பாபின், உள்ளே சேர்ந்த பஞ்சு என்ற நாலுக்குள் அடங்கிவிடும். டென்ஷன் திருகுக்கு முறை வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில், கல் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர்களை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்தக் கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். துணியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு நூல் மாற்றினால் ஒரு துண்டுத் துணியை வைத்து நாலு விரற்கடை ஓட்டுவார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், கத்தரித்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பார்கள். டென்ஷன் பக்கம் கை போய் நான் பார்த்தது மிகக் குறைவு. ஊசியை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன், பாபின் உட்காரும் கேஸை வெளியே எடுத்து வாயால் ஊதிவிட்டு மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மெஷின் வாங்குவதிலிருந்து வருகிறேன். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. கறுப்புத் தலை மெஷின்களில் பெரும்பாலானவை உள்ளே ஒரே ஜாடைதான், 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஆரம்பித்த உஷாவாக இருந்தாலும் சரி, வேறு பெயராக இருந்தாலும் சரி, பாபின் கேஸ், கொக்கியால் நூலைப் பிடிக்கும் ஷட்டில், துணியைத் தள்ளும் பல் எல்லாம் சின்ன உதிரிபாகக் கடையில்கூடக் கிடைக்கும். வார்ப்பிரும்பு உடம்பு, அதனால் கனமான துணி தைத்தாலும் இடத்தை விட்டு நகராது. பழையதை வாங்கப் போனால் பெயின்ட் உரிந்திருக்கிறதா, மர டிராயர் திறக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பொழுதைப் போக்காதீர்கள். கைச்சக்கரத்தை மெதுவாக நம் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், சுற்று முழுக்க ஒரே சீராகப் போக வேண்டும். எங்காவது பிடித்தால் ஷட்டிலுக்குள் நூல் சிக்கியிருக்கலாம், காய்ந்த எண்ணெயாக இருக்கலாம், இரண்டுமே தீரக்கூடியவை. அடுத்து ஊசி மாட்டும் தண்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் தேய்மானம் அதிகம், அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு மெஷின் பார்க்கலாம். துணியைத் தள்ளும் பல்லை விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிய வேண்டும், மழமழவென்று இருந்தால் துணி நகராது (பல்லை மட்டும் மாற்றிவிட முடியும், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்). ஊசி இறங்கும் தட்டின் ஓட்டையைச் சுற்றி ஊசி குத்திய வடு இருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பாருங்கள். அந்த வடுதான் பல வீடுகளில் காரணமே தெரியாமல் நூலை அறுத்துக்கொண்டிருக்கும். நைசான எமரித் தாளை மடித்துத் தேய்த்தால் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தலையைப் பலகையில் பிடித்து வைத்திருக்கும் இரண்டு கீல் தண்டுகளையும் இறுக்குவது. தலையைப் பின்னால் சாய்த்தால் பலகையின் பின் விளிம்பில் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு உண்டு. வண்டியில் ஏற்றி இறக்கும்போது இது தளர்ந்திருக்கும். பத்துக் கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்புத் தலை, சாய்த்துப் பிடிக்கும்போது கழன்று வந்தால் கால் போய்விடும். அதன் பிறகு ஸ்டாண்டு நாலு காலும் தரையில் படிகிறதா என்று பாருங்கள். ஒரு மூலையில் அமுக்கினால் ஆடுகிறது என்றால் அந்தக் காலடியில் பழைய ரப்பர் துண்டை வையுங்கள். மாடி வீடு என்றால் நாலு காலுக்கும் வைத்துவிடுங்கள், கீழ் வீட்டுக்காரர்கள் வாழ்த்துவார்கள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் நல்லது, ஏனென்றால் ஊசி இருப்பது அந்தப் பக்கம்தான். வலது பக்கத்திலிருந்து வந்தால் மெஷினின் நிழலே தையல் கோட்டின் மேல் விழும். உட்காரும் ஸ்டூலை மெஷினுக்கு நடுவில் போடாமல் மூக்கு ஊசிக்கு நேராக வருகிற மாதிரி போடுங்கள். சாயங்காலம் இடுப்பு வலி பாதியாகக் குறையும்.

தோல் பெல்ட் புதிதாக மாட்டினால் கொஞ்ச நாளில் நீண்டுவிடும். காலடியில் பெரிய சக்கரம் ஓடும், மேலே ஊசி திக்கித் திக்கிப் போகும், அதுதான் அடையாளம். கம்பிக் கொக்கியைக் கழற்றி, நுனியில் கால் அங்குலம் வெட்டி, ஆணியால் புது ஓட்டை போட்டு மறுபடி மாட்டுங்கள். ரொம்ப இறுக்கிவிட்டால் மிதிக்கக் கனக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எழுந்து போகும்போது பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், பிறகு அவர்கள் மிதிபலகையில் ஏறி ஆடினாலும் ஊசி அசையாது. முந்தானையையோ துப்பட்டாவையோ இடுப்பில் செருகிக்கொண்டுதான் உட்கார வேண்டும். இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும், சக்கரத்தில் துப்பட்டா சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

மிதி பழகுவதற்கு நூலும் வேண்டாம், துணியும் வேண்டாம். வெறும் காலோடு, வலது கால் சற்று முன்னால், இடது கால் சற்றுப் பின்னால், விரலும் குதிகாலும் மாறி மாறி அமுங்க வேண்டும். கைச்சக்கரத்தை நம் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த ஓட்டத்தைக் காலால் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சக்கரம் எதிர்ப்பக்கமாக ஓடிவிடும், நூல் கோத்திருந்தால் அந்த நொடியே சிக்கி அறுந்துவிடும், அதனால்தான் நூல் வேண்டாம் என்கிறேன். பல்லின் மேல் அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மிதியுங்கள். துணி இல்லாமல் பாதத்தை இறக்கி ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசிப் பல் தேயும். கால் சொன்னபடி கேட்க ஆரம்பித்ததும் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின் மேலேயே ஊசித் துளை விழும்படி ஓட்டுங்கள். அப்புறம் வளைவு, அப்புறம் மூலை. மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கியிருக்கும்போது பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்ப வேண்டும். கழுத்து வளைவு தைக்கும்போது இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும். தாளில் பழகிய ஊசியை வைத்துத் துணி தைக்காதீர்கள், தாள் முனையை மழுக்கிவிடும்.

இப்போது ஊசி. கைத்தையல் ஊசிக்குக் காது பின்பக்கம், மெஷின் ஊசிக்குக் காது முனையில். எலியாஸ் ஹோவ் 1846ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷினில் ஊசி இப்படித்தான் இருந்தது, கீழிருந்து வரும் இரண்டாவது நூலோடு பின்னித் தையல் விழும். இன்றைக்கு வரை வேலை நடப்பது அதே வழியில்தான். ஒருநாள் நேரம் ஒதுக்கி, பாபின் பக்கத்து மூடியைத் தள்ளிவிட்டு, நூல் கோத்து, சக்கரத்தைக் கையால் துளித்துளியாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி அடிவரை இறங்குகிறது. மேலே ஏற ஆரம்பித்ததும் நூல் ஊசியோடு உடனே ஏறாமல் ஊசியின் ஒரு பக்கத்தில் சின்னதாகப் புடைத்து நிற்கிறது. அந்தப் புடைப்புக்குள் ஷட்டிலின் கொக்கி முனை நுழைகிறது, நூலை இழுத்துப் பாபினைச் சுற்றி அனுப்புகிறது, மேலே நூலைத் தூக்கும் கொண்டி ஏறும்போது நூல் இறுகித் தையலாகிறது. நூல் புடைக்கும் இடமும் கொக்கி வரும் இடமும் மயிரிழை தவறினால் கொக்கி வெறுமனே சுற்றிவிட்டுப் போகும், ஒரு தையல் விட்டுப்போகும். இதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால், தையல் தப்பினால் ஏன் முதலில் ஊசியைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி கொஞ்சம் வளைந்திருந்தாலும், தண்டில் முழுக்க மேலே ஏறாமல் மாட்டியிருந்தாலும், பக்கம் மாறியிருந்தாலும் கொக்கிக்கு நூல் கிடைக்காது.

ஊசியின் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பக்கத்தில் மேலிருந்து காது வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் காதுக்கு மேல் கொஞ்சம் குழிவாகச் சீவியிருக்கும், அது கொக்கியைப் பார்க்க வேண்டும். வீட்டு மெஷின் ஊசிக்குத் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டையும் குழிவும் ஒரே பக்கம்தான். கடையில் "ஊசி கொடுங்க" என்றால் "வீட்டு மெஷினா, பவர் மெஷினா?" என்று கேட்பார்கள், பவர் மெஷின் ஊசிக்குத் தண்டு முழுக்க உருண்டை. வளைந்திருக்கிறதா என்று பார்க்கத் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்து நுனி வரை இடைவெளி ஒரே சீராகத் தெரிகிறதா என்று பாருங்கள். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று பொதுவாகச் சொல்வார்கள். யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, நானும் வைத்துக்கொள்வதில்லை. துணியில் இறங்கும்போது டப் டப் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் முனை மழுங்கிவிட்டது, மாற்றிவிடுவேன். ஓர் ஊசிக்குக் கணக்குப் பார்த்துப் பட்டு ஜாக்கெட்டில் இழை இழுத்துவிட்டால் எது லாபம்?

மேல் நூல் கோக்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள், பாதம் தூக்கியிருக்க வேண்டும். டென்ஷன் என்பது இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் நூல். பாதத்தை இறக்கினால் தகடுகள் இறுகும், தூக்கினால் விலகும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு கோத்தால் நூல் தகடுகளுக்கு நடுவே போகாமல் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாகக் கோத்த மாதிரியே இருக்கும், நூலுக்குப் பிடிமானமே இருக்காது, துணிக்கு அடியில் வளையம் வளையமாக விழும். அடியில் அசிங்கமாக இருப்பதால் பாபின்தான் குற்றவாளி என்று எல்லோரும் பாபினைக் கழற்றுவார்கள். உண்மையில் அடியில் கிடக்கும் அந்த நூல் மேல் நூல்தான். மேலே ஒரு கலர், பாபினில் வேறு கலர் போட்டு ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்கு நேராகத் தெரியும். சோதனைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நூலும் முக்கியம். மதுரையில் இருந்துகொண்டு நூலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, மதுரா கோட்ஸ் ஆலையின் சங்குச் சத்தத்தில் கடிகாரம் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. எந்த கம்பெனி நூலாக இருந்தாலும் ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இடையிடையே தடிப்பும் பிசிறுமாக இருந்தால் அது கை ஊசிக்குத்தான் லாயக்கு. பல வருஷம் பரணில் கிடந்த நூலை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் பொட்டென்று அறும், அதை மெஷினில் போட்டுவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது. மேலே ஒரு தடிமன், பாபினில் வேறு தடிமன் போட்டுத் தைப்பதும் வேண்டாம்.

பாபின் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி ஓடாது, சக்கரம் மட்டும் சுற்றும். நூலை விரலுக்கு நடுவில் விட்டுச் சுற்றினால் மெத்தென்று வரும், அதற்கென்று இருக்கும் வழியில் விட்டுச் சுற்றினால் இறுக்கமாக, சமமாக வரும். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். கேஸில் போட்டதும் நூலை வெட்டுக்குள் இழுத்து, தகட்டு ஸ்ப்ரிங்குக்கு அடியில் கொண்டுவந்து அதன் சின்ன வாய் வழியே வெளியே எடுங்கள். அப்புறம் நூல் நுனியைப் பிடித்துக் கேஸை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது கீழே நழுவக் கூடாது, மணிக்கட்டை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சர்ரென்று தரைக்குப் போனால் தளர்வு, வெட்டினாலும் அசையவில்லை என்றால் இறுக்கம். கேஸில் இருக்கும் திருகைத் தொடுவதாக இருந்தால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் ஒரு தட்டை வைத்து அதற்கு மேலே செய்யுங்கள். அந்தத் திருகு கழன்று விழுந்தால் தரையில் தேடிக் கிடைக்காது. கேஸை மாட்டும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் உட்காரவில்லை, முதல் தையலிலேயே ஊசி அதில் இடித்து உடையும்.

தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பாதத்துக்குப் பின்னால் ஒரு சாண் இழுத்து, முதல் மூன்று நாலு தையல் விழும்வரை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் நூல் உள்ளே போய் ஷட்டிலில் பந்தாகச் சுற்றும். முடிக்கும்போது மேல் கொண்டி உச்சியில் நிற்க வேண்டும், துணியைப் பின்பக்கமாக எடுக்க வேண்டும், நம் பக்கம் இழுத்தால் ஊசி வளையும். தைத்துக்கொண்டிருக்கும்போதும் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். அதை நகர்த்துவது பல்லின் வேலை, நம் கைக்குத் திசை காட்டும் வேலை மட்டும்தான்.

இவ்வளவும், அடுத்துச் சொல்லப்போகும் பஞ்சையும் பார்த்த பிறகும் தையல் சரியில்லை என்றால் இப்போது டென்ஷன் திருகுக்குப் போகலாம். சரியான தையலில் இரண்டு நூலும் துணியின் நடுவில், இரண்டு மடிப்புக்கும் இடையில் பின்னிக்கொள்ளும். அடியில் மேல் நூல் கலர் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் தளர்வு, கொஞ்சம் இறுக்குங்கள். மேலே பாபின் கலர் எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம், தளர்த்துங்கள். தொடும் முன்னால் திருகு எந்த நிலையில் இருக்கிறது என்று நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதத்தை இறக்கி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், தூக்கியிருக்கும்போது திருகினால் என்ன மாறியது என்றே தெரியாது.

பஞ்சைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மதினியின் மெஷினில் துணியே நகரவில்லை, ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. "பல்லு தேஞ்சுருச்சு, மாத்தணும்னு சொல்றாங்க" என்றார்கள். ஊசியையும் பாதத்தையும் கழற்றி, தட்டின் இரண்டு திருகையும் எடுத்து, தட்டைத் தூக்கினேன். பல் வரிசைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக. குண்டூசியால் நெம்பினால் அப்படியே அச்சாக வந்தது, பல்லின் பள்ளம் அதன் மேல் கோடு கோடாகப் பதிந்திருந்தது. வருஷக்கணக்கில் நூலிலிருந்தும் துணியிலிருந்தும் உதிர்ந்த தூசி எண்ணெயோடு சேர்ந்து இறுகியது. பல் மேலே எழும்ப இடமே இல்லை, பாவம். எடுத்துவிட்டுத் தட்டை மாட்டியதும் ஓடியது. அப்படியே ஷட்டிலையும் பார்த்துவிட்டோம். ஊசியை உச்சிக்குக் கொண்டுபோய், பாபின் கேஸை எடுத்து, இரண்டு பக்கமும் இருக்கும் சின்னக் கொண்டிகளை விலக்கினால் வளையம் வரும், அதன் பிறகு பிறை மாதிரி இருக்கும் ஷட்டிலை நடுக்கம்பியைப் பிடித்து எடுக்கலாம். அதற்குப் பின்னால் சிவப்பு நூல் ஒன்று சுற்றிக் கிடந்தது. மதினி, "செகப்புத் துணி தச்சு எத்தனையோ காலமாச்சே" என்று சிரித்தார்கள்.

எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் விட்டுக் காய்ந்து பிசினாகி, சக்கரமே சுற்றாமல் நின்ற மெஷின்கள் ஏராளம். மேலே தெரியும் சின்ன ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டு, தலையைச் சாய்த்து அடியில் இரும்பும் இரும்பும் உரசும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு, ஷட்டில் ஓடும் பாதையில் ஒரு சொட்டு, காலடியில் மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. கிரீச் சத்தம் பெரும்பாலும் அந்தக் கம்பியிலிருந்துதான் வரும், எல்லோரும் தலையில் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் விட்டதும் பழைய துணியில் நன்றாக ஓட்டிக் கறையை வாங்கிவிட்டு அப்புறம் நல்ல துணியை வையுங்கள்.

துணிகளில் ரூபியாவும் மற்ற காட்டனும் தொல்லை தராதவை, 14 நம்பர் ஊசி, அங்குலத்துக்குப் பத்துத் தையல் சுமார். சுங்குடியைத் தைப்பதற்கு முன்னால் கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்திவிடுங்கள், சாயமும் போகட்டும், சுருங்குவதும் முடிந்துவிடட்டும். ஃபால்ஸ் துணியும் அப்படித்தான், நனைத்து அயர்ன் பண்ணாமல் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கிச் சேலையின் கீழ் ஓரம் முழுக்கச் சுருக்கமாகிவிடும். ஜார்ஜெட், ஷிஃபான் மாதிரி வழுக்கும் துணிக்கு 11 நம்பர் ஊசி, அடியில் டிரேசிங் தாள் வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் சுருங்காது. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பனியன் துணியில் தையல் தப்பித் தப்பி விழுந்தால் முனை உருண்ட ஊசி என்று கேட்டு வாங்குங்கள். ஜீன்ஸ் பேண்டை மடித்துத் தைக்கும்போது பக்கத் தையல் வரும் இடத்தில் துணி எட்டு மடிப்பாகிவிடும். அங்கே காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், பாதத்துக்குப் பின்னால் அதே உயரத்துக்கு ஒரு துணியை மடித்து வைத்தால் பாதம் சாயாமல் ஏறி இறங்கும், 16 அல்லது 18 நம்பர் ஊசி வேண்டும்.

மோட்டார் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மிதி நன்றாகப் பழகிய பிறகு மாட்டுங்கள். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கும், திரைச்சீலை மாதிரி நீளத் தையல் நிறைய இருக்கிறவர்களுக்கும் நல்ல உதவி. பெல்ட்டை விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், கம்பியாக இறுக்கினால் மோட்டார் சூடாகும். நூல் சிக்கி மெஷின் நின்றுவிட்டால் உடனே காலை எடுங்கள். இன்னும் அமுக்கினால் ஓடிவிடும் என்று அமுக்குவதில்தான் மோட்டார் கருகுகிறது. தலையைச் சாய்ப்பதற்கு முன்னால், ஊசி மாற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தோல் பெல்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம், கரண்ட் போன நேரத்தில் நாளைக்குக் காலையில் வேண்டிய யூனிஃபார்ம் பாதியில் நிற்கும்போது தேவைப்படும். காந்தி இயந்திரங்களைப் பற்றி 1924ல் தன் யங் இந்தியா பத்திரிகையில் வந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அவர் மனதில் இருந்தது மோட்டார் இல்லாத மெஷினாகத்தான் இருக்கும் என்று கரண்ட் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளை நிற ஜிக்ஜாக் மெஷின்கள் கெட்டவை இல்லை. துணி ஓரம் பிரியாமல் அடிப்பதற்கும், சுமாராகப் பீகோ அடிப்பதற்கும், பட்டன் ஓட்டை போடுவதற்கும் கறுப்பு மெஷினால் ஆகாது. இடமும் குறைவு. ஆனால் நாள் முழுக்கத் தைக்கிறவர்களுக்கும் கனத்த துணி தைக்கிறவர்களுக்கும் நான் கறுப்பைத்தான் சொல்வேன். ஜிக்ஜாக்கில் ஊசியின் தட்டை பின்பக்கம், நூல் முன்னாலிருந்து பின்னால், மற்றபடி மேலே சொன்ன வரிசையே. ஜிக்ஜாக் வைத்துவிட்டு நேர்த்தையல் பாதத்தை மாட்டி ஓட்டினால் ஊசி பாதத்தில் இடித்து முறியும், சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மிதியை அமுக்குங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய வேலைகளும் உண்டு. புது ஊசி, சரியான பக்கம், சுத்தமான ஷட்டில், எல்லாம் இருந்தும் கொக்கி நூலைப் பிடிக்கவில்லை என்றால் ஊசித் தண்டின் உயரமோ ஷட்டிலின் நேரமோ மாறியிருக்கிறது, அதை வீட்டில் கழற்றாதீர்கள். எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் வந்தால் "என்னம்மா, எதைத் தொட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். மறைக்காமல் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி நேரம் மிச்சம், நமக்குப் பாதிக் கூலி மிச்சம். என்ன துணி, எந்த ஊசி, சத்தம் எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், கோளாறான தையல் விழுந்த துண்டைப் பிரிக்காமல் வைத்திருந்து காட்ட வேண்டும். அவர் ஷட்டில் மாற்றச் சொன்னால் பழையதை நகத்தால் தடவிக் காட்டச் சொல்லுங்கள், கொக்கி முனை உடைந்திருந்தால் நகத்தில் தட்டும். உதிரி வாங்க நீங்களே கடைக்குப் போவதாக இருந்தால் மெஷின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், பழைய பாபினையும் கேஸையும் ஊசியையும் ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.